யாரிடமிருந்து வந்தது

அத்தியாயம் பதினொன்று

தன் வீட்டு இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று நிரூபிக்கத்தான் அந்தோனியம்மா அன்று ஹட்டனுக்குப் புறப்பட்டாள்.

நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தியிருந்தாள். பிள்ளைக்காம்பராவில் அன்று அவளுக்கு விடுமுறை. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. இருபது வருடங்களாக அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்குத் துடைத்துவிடுவது அவள் வேலை.

பக்கத்தில் அவள் கணவர் இக்னேசியஸ் பேசாமல் நடந்து வந்தார். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். மகன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து அதுவும் இல்லை.

கடல் பொங்கி வந்து கரையோர மக்களை அள்ளிக்கொண்டு போன மார்கழியில், கொழும்பில் வேலை பார்த்த எத்தனையோ பேர் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்த அவள் மகன் கிறிஸ்டியனும் கொடுத்தான். சில வாரங்கள் கழித்து அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் சி என்ற ஈரல் நோயின் கிருமி இருக்கிறது, இனி இரத்தம் கொடுக்க வேண்டாம் என்றார்கள்.

அவன் மறைக்கவில்லை. ஊருக்கு வந்து தாய் தகப்பனை உட்கார வைத்துச் சொன்னான். "வீட்டு ஆளுங்களும் ரத்தத்த ஒரு தடவ பாத்துக்கிட்டா நல்லதுன்னு டொக்டர் சொன்னாரும்மா."

அந்தோனியம்மாவின் காதில் அந்தக் கடைசிப் பேச்சு விழவே இல்லை.

"கொழும்புல எவகிட்டப் போயிப் படுத்து இத வாங்கிட்டு வந்த? மொதல்ல அதச் சொல்லு."

அவன் தாயை நிமிர்ந்து பார்த்தான். பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே அவனுடைய தட்டையும் கோப்பையையும் தனியாக ஒதுக்கி வைத்தாள். அவன் போர்த்திய கம்பளியைக் கோலால் தூக்கிக் கொதிநீரில் போட்டாள். மறுநாள் விடியும்போது அவன் பையை எடுத்துக்கொண்டு றோட்டுக்கு இறங்கிவிட்டான்.

அதோடு அவள் நிற்கவும் இல்லை. ஈஸ்டர் கழிந்து கிறிஸ்டியனுக்கும் கினிகத்தேனை ஷெரோமிக்கும் கலியாணம் என்று கோயிலில் ஞாயிறு பூசையில் அறிவிக்கும் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. பெண் வீட்டார் வந்து நிறுத்தினால் மானம் போகும் என்று நினைத்து, அந்தோனியம்மா தானே சுவாமியாரிடம் போய், "ரெண்டாவது ஓலைய வாசிக்க வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகுதான் இரத்தம் பார்க்க ஒப்புக்கொண்டாள். "பாக்கட்டும். எங்ககிட்ட இருந்து வரலன்னு தெரியட்டும். அப்புறம் அவன் யாரு மூஞ்சியில முழிப்பான்னு பாக்குறேன்."

இன்று அந்த முடிவு கிடைக்கும் நாள்.

*

சனிக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஹட்டனுக்கு வந்து நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் குணபூசணி, யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருப்பார். அவசரப்பட மாட்டார். வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும் எதிரில் இருக்கிறவருக்கு மட்டுமே முகம் கொடுப்பார்.

"மகன் வரேல்லையோ?"

"அவன் கொழும்புல இருக்காங்க" என்றாள் அந்தோனியம்மா.

டொக்டர் முதலில் இக்னேசியஸ் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு ஒண்டும் இல்லை."

அந்தோனியம்மா கணவரைப் பெருமையோடு பார்த்தாள். பார்த்தீர்களா என்பது போல.

"அம்மா, உங்களுக்கு இருக்கு."

சொன்னது புரிவதற்குள் வாசலில் ஒரு லொறி நின்று, கத்தி, மறுபடியும் கிளம்பிப் போய்விட்டது.

"என்னங்க இருக்கு?"

"மகனுக்கு இருக்கிற அதே கிருமி. இது முதல் டெஸ்ட். இப்பவும் அந்தக் கிருமி உயிரோட இருக்கோ எண்டு பாக்க, கொழும்புக்கு இன்னொரு தரம் ரத்தம் அனுப்ப வேணும். ஆனால் உங்கட ஈரல் கொஞ்சம் பழுதாகியிருக்கிற மாதிரித்தான் தெரியுது. களைப்பு இருக்கே?"

இருந்தது. வருடக்கணக்காக இருந்தது. பிள்ளைக்காம்பராவில் மத்தியானத்துக்கு மேல் கை கால் ஓய்ந்து போகும். வயதாகிறது, குளிர் உடம்பில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொள்வாள்.

"நான் தோட்டத்த விட்டு எங்கயும் போனதில்லையே டொக்டரம்மா. எனக்கு எப்படிங்க வரும்?"

"உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தினவையோ?"

அந்தோனியம்மா கணவரைப் பார்த்தாள். இத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த இக்னேசியஸ்தான் பதில் சொன்னார்.

"ஏத்துனாங்க. மொதப் புள்ள பொறக்கையில."

அது கிறிஸ்டியன் பிறப்பதற்கு முந்திய கதை. ஒரு பெண் குழந்தை. அழாமலே பிறந்து அழாமலே போய்விட்டது. தாய்க்கு இரத்தப் போக்கு நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே யாரோ முகம் தெரியாத ஒருவருடைய இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கி அவளைப் பிழைக்க வைத்தது. அந்தப் புண்ணியவாளன் நன்றாக இருக்க வேண்டும் என்று வருடந்தோறும் ஒரு பூசை வைத்துக்கொண்டிருந்தாள் அந்தோனியம்மா.

"அந்த நேரம் இந்தக் கிருமிக்குப் பேரே வைக்கேல்லை அம்மா" என்றார் டொக்டர். "சோதிச்சுப் பாக்க ஒரு வழியும் இருக்கேல்லை. தந்தவரும் தெரியாமத்தான் தந்திருப்பார். ஏத்தினவையும் உங்களைக் காப்பாத்தத்தான் ஏத்தினவை."

"அப்ப எம் மகனுக்கு..."

"உங்களிட்ட இருந்துதான் போனது எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போறது நூறில ஒரு அஞ்சு பேருக்குத்தான். மகன் பச்சை குத்தியிருக்கிறாரோ?"

"கையில ஒரு சிலுவ குத்தியிருக்கான். கொழும்புல குத்துனது."

"அதாலயும் வந்திருக்கலாம். எங்கட நாட்டில இந்த நோய் குறைவு. டவுன் பக்கங்களிலதான் கூடக் காணுறம். ஊசியால போதை ஏத்துற பொடியள், சிறுநீரகம் பழுதாகி ரத்தம் சுத்திகரிக்கிற ஆக்கள், முந்தி ரத்தம் ஏத்தின ஆக்கள். பிறகு ஒழுங்கா அவிக்காத ஊசி, பச்சை குத்துற ஊசி, சலூனில ஒருத்தருக்குப் போட்ட பிளேட்டை இன்னொருத்தருக்குப் போடுறது. ரத்தத்தோட ரத்தம் முட்டுற இடத்தாலதான் இது வரும். எந்தப் பக்கத்தால வந்தது எண்டு இப்ப ஒருத்தராலயும் சொல்லேலாது."

அந்தோனியம்மா தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "பொம்பளைங்க சகவாசத்துல வருமுங்களா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று டொக்டருக்கு விளங்கிவிட்டது போலிருந்தது.

"வரலாம். ஆனால் மிகவும் குறைவு. நீங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு காலம் ஒண்டா இருக்கிறியள்? ஐயாவுக்கு வரேல்லைத்தானே? ஒரே கோப்பையில குடிச்சா வராது. ஒரே தட்டில சாப்பிட்டா வராது. பிள்ளையளைத் தூக்கினா வராது. மகனிட்ட இதெல்லாம் சொல்லுங்கோ. அவர் பயந்து போயிருப்பார்."

*

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். இக்னேசியஸ் தேத்தண்ணி வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"அவன்கிட்ட நான் என்ன கேட்டேன் தெரியுமாங்க?"

"நானும் அங்கதானே இருந்தேன்."

"எவகிட்டப் போயிப் படுத்தன்னு கேட்டேன். பெத்தவ கேக்குற கேள்வியா அது? எம் வயித்துல இருந்தே கொண்டு போயிருப்பானோ என்னமோ. பாவி, அவனப் பாத்து அப்படிக் கேட்டுட்டேனே."

இக்னேசியஸ் தன் கோப்பையைப் பக்கத்துத் திட்டில் வைத்தார்.

"நீ கேட்டுட்ட. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒனக்கு ரத்தம் ஏத்துனப்போ பக்கத்துல நின்னவன் நான்தானே. அவன் ரத்தம்னு சொன்ன ஒடனே எனக்கு அந்த ஞாபகம் வந்துச்சு. சொல்லலாமான்னு நெனச்சேன். நீ கத்துற கத்துல வாயத் தொறக்காம இருந்துட்டேன். புள்ள என்னத்தான் பாத்தான். அப்பா ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்தான். நான் கண்ண வேற பக்கம் திருப்பிக்கிட்டேன்."

முப்பது வருட வாழ்க்கையில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கினிகத்தேனைக்குப் போவோம்" என்றாள் கடைசியில். "ஷெரோமிகிட்டச் சொல்லணும். கலியாணத்த நிப்பாட்டுனது நானு. நானே போயிச் சொல்லணும்."

*

ஷெரோமி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை அரை நாள்தான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தவள் அவளுடைய தாய் லூர்தம்மா. போன மாதம்வரை "சம்பந்தியம்மா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், இப்போது "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஷெரோமியின் அக்கா குழந்தை ஒன்று தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. நேரே அந்தோனியம்மாவிடம் வந்து சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. பழக்கத்தில் அவள் கை தானாகவே குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டது.

வந்த விஷயத்தை அவள் சுற்றி வளைக்கவில்லை. தனக்கும் அந்த நோய் இருப்பதை, முதல் பிரசவத்தை, ஏற்றிய இரத்தத்தை, டொக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். "எம் மகன் மேல தப்பு இல்லைங்க. நான்தான் தெரியாமப் பேசி எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

அவள் முடிப்பதற்குள் லூர்தம்மா எழுந்து வந்து, "பாப்பாவுக்குப் பசிக்கும்" என்று சொல்லி, மடியிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது தன் விரல் அந்தோனியம்மாவின் மீது படாமல் பார்த்துக்கொண்டாள். உள்ளே கொண்டு போனதும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குழந்தையின் கையைக் கழுவுகிறார்கள்.

அந்தோனியம்மா வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை இந்தச் செய்தி தோட்டத்துக்குத் தெரிந்தால் எத்தனை தாய்மார் தன் கையில் பிள்ளையைக் கொடுப்பார்கள்? அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கு அவள் செய்ததில் பாதிகூட இல்லை இது.

"எனக்கு மொதல்லயே தெரியும் மாமி" என்றாள் ஷெரோமி.

"என்ன தெரியும்?"

"அவருக்கு இருக்கது. ஒங்ககிட்டச் சொல்றதுக்கு முந்தியே என்கிட்டச் சொல்லிட்டாரு. விருப்பமில்லன்னா இப்பவே சொல்லிருன்னு சொன்னாரு. நான் எங்க கடைக்கு வர்ற டொக்டர்கிட்ட எல்லாம் கேட்டேன். மருந்து இருக்கு, கஷ்டமான மருந்து, ஒரு வருசம் ஊசி போடணும், ஆனா கொணமாகுறவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. நான் சரின்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"நீங்க ஓலைய நிப்பாட்டுனீங்க. அது அவரு காதுக்குப் போயி, அன்னைக்கு ராவே எனக்குப் போன் எடுத்தாரு. 'எங்க அம்மாவே வேணாம்னு சொல்லிட்டாங்க, நீ வேற எடம் பாத்துக்க'ன்னு சொல்லி வச்சிட்டாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

உள்ளேயிருந்து லூர்தம்மாவின் குரல் வந்தது. "அவங்க நிப்பாட்டுனது நிப்பாட்டுனதாவே இருக்கட்டும் ஷெரோமி. அப்பா வேற எடத்துல பேசிட்டாரு."

ஷெரோமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு வேல செய்ற கடைக்கு ஒருக்கா போன் எடுத்துப் பாப்போம் மாமி. நான் எடுத்தா இல்லன்னு சொல்லிருவாங்க. நீங்க பேசுங்க."

*

காசு கொடுத்துப் போன் பேசும் றோட்டோரத்துக் கொமினிகேஷன் கடையில் ஷெரோமியே நம்பரை அழுத்தி ரிசீவரை நீட்டினாள். மறுமுனையில் கடை முதலாளி சோலைமலை. அவரும் மலைநாட்டுக்காரர்தான்.

"யாரு, கிறிஸ்டியன் அம்மாவா? அவன் இங்க இல்லீங்களே."

"எங்க போயிருக்கான்?"

"வேலைய விட்டே போயிட்டான். நான்தான் அனுப்பி வச்சேன். நீங்கதானே அன்னைக்குப் போன்ல சொன்னீங்க. அவனுக்கு இந்த மாதிரி நோய் இருக்கு, யார் யார் கூடப் பழகுறான்னு கொஞ்சம் விசாரிங்கன்னு."

சொன்னாள். மகன் போன மறுநாள், மனம் பொறுக்காமல், அவன் நடத்தையை உளவு பார்க்கச் சொல்லி இதே முதலாளியிடம்தான் பேசினாள்.

"சாப்பாட்டுல வராதாம்ங்க. பெரிய டொக்டரே இன்னைக்குச் சொன்னாங்க."

"அப்படியா? எனக்கு எங்கங்க தெரியும்? இது சாப்பாட்டுக் கடை. நாலு பேரு காதுல விழுந்தா யாரு வந்து குந்துவா? பெத்த தாயே பயந்துக்கிட்டுச் சொல்றப்போ நான் எப்படி வச்சுக்கிறது?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்ல பையன்தான். ஏன் போகச் சொல்றீங்கன்னு கேட்டான். ஒங்க அம்மாதான் சொன்னாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. மருதானப் பக்கம் யாரோ கூட்டாளி ரூம்ல இருக்கதா பயலுக பேசிக்கிட்டாங்க. அதுவும் உறுதி இல்ல."

ரிசீவரை வைக்க மறந்து அவள் நின்றாள். ஷெரோமிதான் வாங்கி வைத்தாள்.

"வேலையையும் நான்தான் கெடுத்திருக்கேன்" என்றாள் அந்தோனியம்மா. இக்னேசியஸைப் பார்த்துச் சொன்னாளா, ஷெரோமியைப் பார்த்துச் சொன்னாளா, அவளுக்கே தெரியவில்லை. "படுக்க எடமில்லாமப் பண்ணிட்டேன் எம் புள்ளைய."

ஷெரோமி வீட்டுக்குள் ஓடினாள். தாயும் மகளும் சத்தம் போடுவது றோட்டு வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் தோளில் ஒரு பை இருந்தது. கண் சிவந்திருந்தது.

"நான் கொழும்புக்குப் போறேன். அவரு கூட வேல பாத்த பசங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும். எப்படியும் தேடிப் பிடிச்சிருவேன்."

"நானும் வர்றேன் தாயி."

ஷெரோமி தயங்கினாள். அந்தப் பெண்ணுக்குக் கடுமையாகப் பேசித் தெரியாது. அதனால் மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க வரவேணாம் மாமி. ஒங்களத் தூரத்துல கண்டாலே அவரு எந்திரிச்சுப் போயிருவாரு."

அந்தோனியம்மா தலையாட்டினாள். உண்மைதானே.

"வயசுப் பொண்ண மருதானையில தனியா அலைய விட முடியாது" என்று இக்னேசியஸ் முன்னால் வந்தார். "நான் போறேன் இந்தப் புள்ளையோட. அன்னைக்குப் பேசாததையும் சேத்துப் பேசிட்டு வர்றேன். நீ வீட்டுக்குப் போ அந்தோனியம்மா."

கொழும்பு பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. இக்னேசியஸ் ஏறினார். ஷெரோமி படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட என்ன சொல்லணும் மாமி?"

அந்தோனியம்மா பஸ்ஸின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டதும் செஞ்சதும் தப்புன்னு சொல்லு. அம்மா தப்புன்னு சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு. ஆனா எனக்கும் இருக்குன்னு மட்டும் சொல்லிராத தாயி."

"ஏன் மாமி? அதுதானே முக்கியம்! அத மறைச்சிட்டு எப்படிப் பேசுறது?"

"தெரிஞ்சா எல்லாத்தையும் மறந்துட்டு ஓடி வந்துருவான். எனக்கு அவனத் தெரியும். எம் மேல பாவப்பட்டு அவன் வர வேணாம். கோவம் தீந்து வரட்டும்."

ஷெரோமி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்டக்டர் பஸ்ஸைத் தட்டிவிட்டான். படியில் நின்றிருந்த அவள் உள்ளே தள்ளப்பட்டாள். யன்னலில் இக்னேசியஸின் முகம் ஒரு கணம் தெரிந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

பஸ் கித்துல்கல இறக்கத்தில் இறங்கி மறைந்தது. எதிர்ப்பக்கம் ஹட்டன் பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, அவளுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்தோனியம்மா அதைக் கவனிக்கவே இல்லை.